பிரதேச சபை அமர்வில் ஒரு விடயத்தைத் தீர்மானமாக்கி நிறைவேற்றுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கரைச்சி, பூநகரி, புதுக்குடியிருப்பு, துணுக்காய், மாந்தை கிழக்கு, வவுனியா வடக்கு (நெடுங்கேணி) என்று வன்னியின் எந்தப் பிரதேச சபையை எடுத்தாலும் மாதம் ஒருமுறை அமர்வு நடக்கிறது. அதில் நிறையப் பேசப்படுகிறது. பேசியதில் பெரும்பகுதி கூட்டறிக்கையில், அதாவது கூட்டப் பதிவில், ஒரு வரியாகி அங்கேயே நின்றுவிடுகிறது. பெரும்பாலும் காரணம் எவருடைய கெட்ட எண்ணமும் அல்ல. விடயம் எழுத்தில் வரவில்லை, அளவு இல்லை, பணம் எந்தத் தலைப்பிலிருந்து என்று சொல்லப்படவில்லை, யார் எப்போது செய்வது என்று எழுதப்படவில்லை.

2025 மே மாதத் தேர்தலில் முதற்தடவையாகச் சபைக்கு வந்த உறுப்பினர்களையும், சபைக்குக் கோரிக்கை கொடுக்கும் சனசமூக நிலையங்கள், கிராம அபிவிருத்திச் சங்கங்களையும் மனதில் வைத்து இது எழுதப்பட்டது. மன்னார் நகர சபைக்கும் வவுனியா மாநகர சபைக்கும் சட்டம் வேறு. ஆனால் வேலையின் ஒழுங்கு கிட்டத்தட்ட இதேதான். படிகளை இங்கே உள்ள வரிசையில் செய்யுங்கள். ஒன்றைத் தாண்டிப் போனால் அடுத்த படியில் அது தடையாகத் திரும்பி வரும்.

1. இது சபையின் வேலைதானா என்று முதலில் பாருங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. பிரதேச சபை வேறு, பிரதேச செயலகம் வேறு. காணி அனுமதிப்பத்திரம், வீட்டுத்திட்டம், வாழ்வாதார உதவி எல்லாம் பிரதேச செயலகத்தின் பக்கம். சபைக்குள் அதைப் பேசி எத்தனை பேர் ஆமோதித்தாலும் சபையால் செய்யக்கூடியது ஒரு கடிதம் அனுப்புவது மட்டும்தான்.

வீதிகளும் அப்படியே. ஏ-9, பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35, மாங்குளம் முல்லைத்தீவு ஏ-34, அவற்றோடு பி தர வீதிகளும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி தர வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. இவற்றிலிருந்து பிரியும் உள்வீதிகளும் ஒழுங்கைகளும்தான் பெரும்பாலும் சபையின் பொறுப்பு.

இரணைமடு போன்ற பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்திடமும், ஊர்ச் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்திடமும் உள்ளன. யானை வேலி வனசீவராசிகள் திணைக்களத்தின் வேலை. ஆனால் காட்டோரத்தில் குப்பை கொட்டுவதால் யானை ஊருக்குள் வருகிறது என்றால், அந்தக் குப்பை மேடு சபையின் வேலை. ஒரே பிரச்சினைக்குள் சபைக்குரிய பகுதி எது என்று இப்படிப் பிரித்தெடுப்பதுதான் உறுப்பினரின் முதல் திறமை.

சந்தை, வடிகால், மயானம், நூலகம், குப்பை அகற்றல், தெருவிளக்கு, கட்டாக்காலி மாடுகள், வியாபார உரிமம், கட்டட அனுமதி ஆகியவை நேரடியாகச் சபைக்குரியவை.

சபைக்கு வெளியே உள்ள விடயமானால் கைவிட வேண்டாம். அதற்குத் தீர்மானத்தின் வடிவம் வேறு: "இன்ன திணைக்களத்துக்கு எழுதுவதெனவும், பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவில் முன்வைப்பதெனவும்" என்று வர வேண்டும். வனவள, வனசீவராசிகள் திணைக்களங்களுக்குப் போகும் கடிதங்களோடு சிங்கள மொழிபெயர்ப்பையும் இணைத்துவிடுங்கள். மொழிபெயர்ப்புக்கென்று கடிதம் மேசையில் கிடக்கும் காலம் மிச்சமாகும்.

2. கையில் இருக்க வேண்டியவை

பிரேரணை, அதாவது தீர்மானமாக்கும்படி சபைக்குக் கொடுக்கும் முன்மொழிவு, எழுதும் முன் இவற்றைச் சேருங்கள்:

உங்கள் சபையின் கூட்ட நடைமுறை ஒழுங்குவிதி. அலுவலகத்தில் கேட்டால் பிரதி கிடைக்கும். பிரேரணைக்கு எத்தனை நாள் முன்னறிவித்தல், கூட்ட நடப்பெண் (கூட்டம் நடக்கக் குறைந்தது இருக்க வேண்டிய உறுப்பினர் எண்ணிக்கை) எவ்வளவு, ஒருவர் எவ்வளவு நேரம் பேசலாம் என்பதெல்லாம் இதில் இருக்கும். பக்கத்துச் சபையில் உள்ளவர் சொன்னதை நம்பி நடக்க வேண்டாம். உங்கள் சபையின் பிரதியையே பாருங்கள்.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் தமிழ்ப் பிரதி. முழுவதையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. கூட்டங்கள், குழுக்கள், வீதிகள், சபை நிதி ஆகிய பகுதிகளை வாசித்தால் போதும்.

நடப்பாண்டு வரவுசெலவுத் திட்டம். எந்தச் செலவுத் தலைப்பில் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, இதுவரை எவ்வளவு போயிற்று என்று பார்க்க மாதாந்த வரவு செலவு அறிக்கையும் வேண்டும்.

கடைசி மூன்று அமர்வுகளின் கூட்டறிக்கைகள். உங்கள் விடயம் முன்பே தீர்மானிக்கப்பட்டு நிறைவேறாமல் கிடக்கலாம். அப்படியானால் புதிய பிரேரணை தேவையில்லை. பழைய தீர்மான இலக்கத்தைச் சொல்லி "ஏன் இன்னும் செய்யப்படவில்லை" என்று கேட்பதே வலுவானது.

வீதிப் பதிவேட்டில் உங்கள் வீதி இருக்கிறதா என்ற உறுதிப்படுத்தல். இதைப் பற்றி அடுத்த பகுதியில் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

3. இடத்துக்குப் போய் அளவெடுங்கள்

வன்னியில் சபை அமர்வுகளில் அதிகம் வருவது வீதிதான். அதையே எடுத்துக்காட்டாக வைப்போம்.

முதலில் வீதியின் உரித்து. மீள்குடியேற்றத்தின் பின் சனம் நடந்து நடந்து வீதியான பாதைகள் பல இடங்களில் பதிவேட்டில் இல்லை. சில தனியார் காணிக்குள்ளால் போகின்றன, சில வனவளத் திணைக்களம் எல்லைக்கல் நட்ட இடத்துக்குள்ளால் போகின்றன. பதிவில் இல்லாத பாதைக்குச் சபைப் பணத்தைச் செலவழித்தால் கணக்காய்வில் கேள்வி வரும். அதைத் தெரிந்த சபைச் செயலாளர் கோவையை நகர்த்தமாட்டார். அது அவருடைய பிடிவாதம் அல்ல, கடமை. எனவே அப்படியான பாதைக்கு முதல் பிரேரணை "கிரவல் போட வேண்டும்" என்பதல்ல, "பதிவேட்டில் சேர்க்க வேண்டும்" என்பது. அதற்குக் கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், காணிக்காரரின் எழுத்து மூலச் சம்மதம், அரச காணியானால் பிரதேச செயலாளரின் இணக்கம் வேண்டும்.

பிறகு அளவு. நாடாவைப் பிடித்து நீளத்தை எடுங்கள். அகலத்தைக் குறைந்தது மூன்று இடத்தில் எடுங்கள், ஏனென்றால் வேலிகள் உள்ளே வந்திருக்கும். 400 மீற்றர் நீளம், 3 மீற்றர் அகலம், இறுகிய பின் 15 சென்ரிமீற்றர் தடிப்பு என்றால் 180 கனமீற்றர் கிரவல். ஒரு கியூப் என்பது 100 கன அடி, அதாவது ஏறக்குறைய 2.83 கனமீற்றர். ஆக இறுகிய நிலையில் 64 கியூப். உருளை போட்டு இறுக்கினால் மண் அமரும் என்பதால் நான்கில் ஒரு பங்கையாவது கூட்ட வேண்டும். 80 கியூப் வரும். 3 கியூப் ஏற்றும் ரிப்பரானால் 27 நடை.

உத்தியோகபூர்வ மதிப்பீட்டைத் தொழில்நுட்ப உத்தியோகத்தர்தான் செய்வார். நீங்கள் போடும் கணக்கு அதற்குப் பதிலாகாது. ஆனால் மதிப்பீடு 50 கியூப் என்று வந்தால் தடிப்பைக் குறைத்திருக்கிறார்களா, நீளத்தைக் குறைத்திருக்கிறார்களா என்று கேட்க உங்களுக்கு அது உதவும். 10 சென்ரிமீற்றர் தடிப்பில் போட்ட கிரவல் உழவு இயந்திரமும் நெல் லொறியும் ஓடும் வீதியில் ஒரு மாரியைத் தாங்காது.

தண்ணீரைப் பாருங்கள். குளம் வான் பாயும்போது தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்கு வீதியைக் கடக்கிறது, எவ்வளவு உயரத்துக்கு நின்றது என்று அந்த வீட்டுக்காரரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மதகு போட வேண்டிய இடம் அதுதான். மதகும் பக்க வாய்க்காலும் இல்லாமல் கிரவலை மட்டும் கேட்டு வாங்கிய வீதிகள் டிசம்பரில் அறுத்துக்கொண்டு போகின்றன. பிறகு "போன வருடம்தானே செய்தோம்" என்ற பதில் வரும், அடுத்த முறை கேட்பது இன்னும் கடினமாகும். 3 மீற்றர் வீதிக்கு நடுப்பகுதி ஓரத்தைவிட 7 சென்ரிமீற்றர் அளவு உயர்ந்திருக்க வேண்டும் என்பதையும் குறிப்பில் எழுதுங்கள். தட்டையாகப் போட்டால் தண்ணீர் நடுவில் நின்று குழி விழும்.

தெருவிளக்கானால் மின்கம்பத்தில் எழுதியிருக்கும் இலக்கத்தைக் குறியுங்கள். "சந்தியடியில் ஒரு லைற்" என்ற கோரிக்கையை வைத்துக்கொண்டு ஊழியர் எந்தக் கம்பத்தில் ஏறுவார்? கம்பம் மின்விநியோக நிறுவனத்துக்குரியது என்பதால் புதிய விளக்குப் பொருத்த அவர்களின் அனுமதியும் வேண்டும். பழைய விளக்கின் பழுது என்றால் சபை ஊழியரே பார்க்கலாம். இந்த இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்து எழுதினால் முழுப் பட்டியலும் அனுமதிக்காகக் காத்திருக்கும்.

கைப்பேசியில் படம் எடுத்து, திகதியும் இடமும் எழுதி, ஒரு பக்கத்தில் அச்சிட்டு இணையுங்கள். இரண்டு படம் போதும்.

4. பிரேரணையை எழுதுங்கள்

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இது. அமர்வில் நீங்கள் பேசும் பேச்சைவிட இந்த ஐந்து வரிதான் முக்கியம், ஏனென்றால் தீர்மானமாகப் பதியப்படுவது பேச்சல்ல, வாசகம்.

வழக்கமாக வருவது இப்படி இருக்கும்: "எமது வட்டாரத்தில் உள்ள வீதிகள் மிகவும் மோசமான நிலையில் உள்ளதால் அவற்றைத் திருத்தித் தர வேண்டும்." இதை ஏகமனதாக நிறைவேற்றலாம், ஒருவரும் எதிர்க்கமாட்டார்கள். எவரும் எதுவும் செய்ய வேண்டியும் வராது.

செய்யக்கூடிய வாசகம் இப்படி இருக்கும்:

"பிள்ளையார் கோவிலடியில் தொடங்கி முன்பள்ளி வரை செல்லும், சபையின் வீதிப் பதிவேட்டில் இன்ன இலக்கத்தையுடைய வீதியின் 400 மீற்றர் நீளத்தை, இரண்டு மதகுகளும் பக்க வாய்க்காலும் உட்படக் கிரவலிட்டுப் புனரமைப்பதெனவும், தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீட்டை அடுத்த மாத அமர்வுக்கு முன் பெறுவதெனவும், செலவை நடப்பாண்டு வீதிப் பராமரிப்புச் செலவுத் தலைப்பிலிருந்து மேற்கொள்வதெனவும், வேலையைச் செப்டம்பர் 15இற்கு முன் முடிப்பதெனவும், முன்னேற்றத்தை ஒவ்வொரு மாதாந்த அமர்விலும் அறிக்கையிடுவதெனவும் இச்சபை தீர்மானிக்கிறது."

இதில் எந்த இடம், எவ்வளவு, எந்தப் பணம், யார், எந்தத் திகதிக்குள், எப்படி அறிவது என்ற ஆறும் உண்டு. ஒன்றை எடுத்துவிட்டுப் பாருங்கள், வேலை எங்கே நிற்கும் என்று தெரியும். பணம் குறிப்பிடாவிட்டால் "நிதி கிடைத்ததும் செய்யப்படும்" என்று பதில் வரும். திகதி குறிப்பிடாவிட்டால் பதிலே வராது.

ஒரு பிரேரணையில் ஒரு விடயம் மட்டும். வீதி, விளக்கு, மயானச் சுற்றுமதில் மூன்றையும் ஒன்றாகப் போட்டால், மதில் பிரச்சினைக்குரியது என்ற காரணத்தால் மூன்றும் குழுவுக்கு அனுப்பப்படும்.

காரணங்களைத் தீர்மான வாசகத்துக்குள் போட வேண்டாம். தனித்தாளில் "விளக்கம்" என்று அரைப் பக்கம் எழுதி இணையுங்கள்: எத்தனை குடும்பம், பாடசாலைப் பிள்ளைகள் எத்தனை பேர், மாரியில் எத்தனை நாள் பாதை மூடப்படுகிறது. எண்ணிக்கையைக் கிராம அலுவலரிடம் சரிபார்த்து எழுதுங்கள். ஒரு எண் பிழையென்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால் பேச்சு முழுக்க அந்த எண்ணைப் பற்றியதாகிவிடும்.

5. காலம் பார்த்துக் கொடுங்கள்

ஒழுங்குவிதியில் சொன்ன முன்னறிவித்தல் நாளுக்கும் மேலாக, பத்து நாளாவது முந்திச் செயலாளரின் பெயருக்கு எழுதிக் கொடுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரையும் கையொப்பமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வைபரில் அனுப்பியதற்கு முத்திரை இல்லை. நிகழ்ச்சி நிரலில் ஏன் வரவில்லை என்று கேட்க உங்களிடம் ஆதாரமும் இருக்காது.

ஆண்டின் எந்த மாதத்தில் கொடுக்கிறீர்கள் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். வன்னியில் ஒக்டோபரில் மாரி தொடங்கி ஜனவரி வரை போகும். அந்தக் காலத்தில் கிரவல் வேலை செய்ய முடியாது. காலபோக விதைப்புத் தொடங்கியதும் உழவு இயந்திரமும் ஆட்களும் வயலுக்குப் போய்விடுவார்கள். மதிப்பீடு, விலைக்கோரல், கிரவல் அகழவும் ஏற்றவும் புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதி என்று ஒவ்வொன்றுக்கும் நாள் போகும். செப்டம்பருக்குள் வேலை முடிய வேண்டுமானால் பிரேரணை மார்ச் அல்லது ஏப்ரல் அமர்வில் நிறைவேற வேண்டும். ஓகஸ்டில் கொண்டுவந்தால் அது அடுத்த ஆண்டு வேலை என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

6. ஆமோதிப்பவரையும் குழுவையும் முன்கூட்டியே பாருங்கள்

பிரேரணைக்கு ஆமோதிப்பவர் வேண்டும். முடிந்தால் வேறு கட்சியைச் சேர்ந்தவராக, அதே வீதியைப் பாவிக்கும் பக்கத்து வட்டார உறுப்பினராக இருக்கட்டும். தற்போதைய தேர்தல் முறையில் பல சபைகளில் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை. எனவே ஒரு கட்சிக்குள் மட்டும் பேசி முடித்த விடயம் வாக்கெடுப்பில் நிற்காது.

சபைக்கு நிதி, வீடமைப்பு, தொழில்நுட்பச் சேவைகள், சுற்றாடல் சார்ந்த குழுக்கள் உண்டு. வீதி விடயமானால் தொழில்நுட்பச் சேவைக் குழுவில் முதலில் வைத்துப் பரிந்துரை வாங்குங்கள். மூன்று நான்கு பேர் மேசையைச் சுற்றி இருந்து, வரைபடத்தையும் மதிப்பீட்டையும் பார்த்துப் பேசும்போது கட்சிப் பேச்சு குறைவு. குழுவின் பரிந்துரையோடு வரும் விடயம் அமர்வில் விரைவாக முடிகிறது. குழுவுக்குப் போகாமல் வந்தால், "குழுவுக்கு அனுப்புவோம்" என்ற ஒரே வசனத்தில் ஒரு மாதம் பின்னே போகும்.

உங்களுக்கோ உங்கள் குடும்பத்தவருக்கோ அந்த வேலையில், காணியில், ஒப்பந்தத்தில் தொடர்பு இருந்தால் அதை முதலே எழுத்தில் அறிவித்து, விவாதத்திலும் வாக்கெடுப்பிலும் பங்கெடுக்காமல் இருங்கள். சபையின் ஒப்பந்தத்தில் உறுப்பினர் மறைமுகமாகப் பங்கெடுப்பது பதவியையே பறிக்கக்கூடியது.

7. அமர்வு நாள்

நிகழ்ச்சி நிரலின் ஒழுங்கு சபைக்குச் சபை சற்று மாறும். பொதுவாக வரவுப் பதிவு, விடுமுறைக் கோரிக்கைகள், முன்னைய கூட்டறிக்கையை உறுதிப்படுத்தல், அதிலிருந்து எழும் விடயங்கள், மாதாந்தக் கணக்கறிக்கை, குழு அறிக்கைகள், தவிசாளரின் பிரேரணைகள், உறுப்பினர்களின் பிரேரணைகள், வந்த கடிதங்கள், வேறு விடயங்கள் என்று போகும்.

இதில் "கூட்டறிக்கையிலிருந்து எழும் விடயங்கள்" என்ற பகுதியைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. கடந்த மாதத் தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்பதற்கு உரிய இடம் அதுதான். அங்கே கேட்டால் பதில் சொல்லப்பட்டதும் பதியப்படும்.

"வேறு விடயங்கள்" வரைக்கும் காத்திருக்க வேண்டாம். அந்த நேரத்தில் மதியமாகியிருக்கும், சிலர் எழும்பிப் போயிருப்பார்கள். வருகை நடப்பெண்ணுக்குக் குறைந்திருப்பதை எவராவது சுட்டிக்காட்டினால் அமர்வு அதோடு நின்றுவிடும். உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கு பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் இடம் ஒதுக்கியும், பல பெண் உறுப்பினர்களின் குரல் கூட்டறிக்கையில் வராமல் போவதற்கு இந்தக் கடைசிப் பகுதியும் ஒரு காரணம். கையை உயர்த்திக் காத்திருப்பவரைத் தாண்டிப் போகலாம். நிகழ்ச்சி நிரலில் இலக்கத்தோடு அச்சான பிரேரணையைத் தாண்டிப் போக முடியாது, தவிசாளர் பெயர் சொல்லிக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

வர முடியாவிட்டால் முன்கூட்டியே எழுத்தில் விடுமுறை கேளுங்கள். தொலைபேசியில் சொன்னது விடுமுறை ஆகாது. அறிவிக்காமல் தொடர்ந்து வராமல் விட்டால் உறுப்புரிமையே கேள்விக்குள்ளாகும்.

8. பேசுவதும் வாக்கெடுப்பும்

தவிசாளரை விளித்துத் தொடங்குங்கள்: "கௌரவ தவிசாளர் அவர்களே." எதிரில் இருக்கும் உறுப்பினரோடு நேரடியாக வாதிட வேண்டாம். அவருக்குச் சொல்ல வேண்டியதையும் தவிசாளர் ஊடாகவே சொல்லுங்கள். சண்டை மூளாமல் இருப்பதற்கான ஒழுங்கு இது. ஒரே ஊரில், ஒரே கோவில் நிர்வாகத்தில், ஒரே உறவுக்குள் இருப்பவர்கள் எதிரெதிரே இருக்கும் சபைகளில் இதன் பெறுமதி அதிகம்.

முதலில் தீர்மான வாசகத்தை அப்படியே வாசியுங்கள். பிறகு மூன்று நிமிடத்துக்குள் காரணம். மதிப்பீடு, படம், குழுப் பரிந்துரை மூன்றும் எல்லாருக்கும் கொடுக்கப்பட்டிருந்தால் அதற்கு மேல் பேசத் தேவையில்லை.

யாராவது திருத்தம் கொண்டுவந்தால் அதையும் வாசகமாகச் சொல்லக் கேளுங்கள். "என்னுடைய வட்டாரத்து வீதியையும் சேருங்கள்" என்பது அடிக்கடி வரும் திருத்தம். மறுக்க மனம் வராது. ஆனால் ஏற்றுக்கொண்டால் ஒதுக்கீடு பிரிந்து இரண்டு வீதியும் அரைகுறையாகும். அவரைத் தனிப் பிரேரணையாகக் கொடுக்கச் சொல்லி, அதற்கு நீங்களே ஆமோதிப்பதாக அங்கேயே வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கை அடுத்த மாதம் காப்பாற்றுங்கள்.

உடன்பாடு இல்லாவிட்டால் வாக்கெடுப்பைக் கேளுங்கள். ஆதரவு, எதிர்ப்பு, நடுநிலை என்று எண்ணிக்கை பதியப்பட வேண்டும். பெயர் குறித்துப் பதிய வேண்டுமானால் வாக்கெடுப்புக்கு முன்பே கேட்க வேண்டும். சமமாக வந்தால் தலைமை தாங்குபவரின் அறுதியிடும் வாக்கு முடிவு செய்யும்.

வெளிநடப்பைப் பற்றி ஒன்று. வெளியே போனால் பத்திரிகையில் செய்தி வரும், உள்ளே வாக்கு ஒன்று குறையும். ஒரு வாக்கில் தீர்மானங்கள் தோற்கும் சபைகளில் அது பெரிய இழப்பு. உங்கள் எதிர்ப்பைப் பெயரோடும் காரணத்தோடும் கூட்டறிக்கையில் பதியச் சொல்லிவிட்டு இருக்கையில் இருப்பதே பெரும்பாலும் நல்லது.

முடிந்ததும் ஒரு வேலை உண்டு. அடுத்த விடயத்துக்குப் போகுமுன், நிறைவேறிய வாசகத்தை, திருத்தத்தோடு, ஒருமுறை வாசிக்கும்படி கேளுங்கள். அரை நிமிடம்தான் போகும். சத்தத்துக்குள் குறிப்பெடுக்கும் உத்தியோகத்தருக்கும் அது உதவி.

9. கூட்டறிக்கையைச் சரிபாருங்கள்

வரைவு கிடைத்ததும் உங்கள் விடயத்தை மட்டும் உங்கள் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். அடிக்கடி நடக்கும் பிழைகள்: "தீர்மானிக்கப்பட்டது" என்பதற்குப் பதில் "கலந்துரையாடப்பட்டது" என்று வருவது, திகதி விடுபடுவது, செலவுத் தலைப்பு விடுபடுவது, பிரேரித்தவர் பெயரும் ஆமோதித்தவர் பெயரும் மாறுவது. முதலாவதுதான் ஆபத்தானது. கலந்துரையாடப்பட்ட விடயத்தை எவரும் நிறைவேற்றத் தேவையில்லை.

திருத்தத்தை உறுதிப்படுத்தலுக்கு முன் சொல்ல வேண்டும். உறுதிப்படுத்தி ஒப்பமிட்ட பின் அதுவே சபையின் பதிவு. பிறகு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினாலும் மாற்றுவது கடினம். அந்த நேரத்தில் பழைய விவாதத்தை மீண்டும் திறக்க வேண்டாம். "பதிந்தது சரியா" என்பது மட்டும்தான் அங்கே கேள்வி.

உறுதிப்படுத்தியதும் அந்தத் தீர்மானத்தின் சான்றுப்படுத்திய பிரதியைத் தீர்மான இலக்கத்தோடு வாங்குங்கள். இனி நீங்கள் எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் முதல் வரியிலும் அந்த இலக்கம் வர வேண்டும்.

10. கோவையின் பின்னே போங்கள்

தீர்மானம் விடயத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் கோவைக்குப் போனதா என்று முதல் வாரத்தில் பாருங்கள். பிறகு மதிப்பீடு, அனுமதி, விலைக்கோரல், வேலை வழங்கல், வேலை, அளவீடு, கொடுப்பனவு என்று நகரும். சிறு வேலைகள் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்கு வழங்கப்படுவதும் உண்டு. அந்தச் சங்கத்தின் பதிவும் வங்கிக் கணக்கும் நடப்பில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். பொதுக்கூட்டம் கூடாமல் காலாவதியான சங்கத்தால் ஒப்பந்தத்தில் ஒப்பமிட முடியாது.

உத்தியோகத்தர்களுக்கு நேரடிக் கட்டளை இடுவது உறுப்பினரின் வேலையல்ல. கேட்பது தவிசாளரிடமும் செயலாளரிடமும். ஊழியரை வீதியில் மறித்துக் கேட்டால் அவர் அடுத்த முறை உங்கள் வட்டாரத்துக்கு வரவே தயங்குவார்.

கிரவல் பறிக்கும் நாளில் ஊரவர் ஒருவர் ரிப்பர் நடைகளை எண்ணி, நேரம் எழுதி வைக்கட்டும். 27 நடை வர வேண்டிய இடத்தில் 18 வந்தால், உருளை ஓடுமுன் சொல்ல வேண்டும். பரவி இறுக்கிய பின் தடிப்பைப் பார்க்க வீதியைத் தோண்டத்தான் வேண்டும்.

11. வரவுசெலவுத் திட்டத்தை மறக்காதீர்கள்

சபையின் நிதியாண்டு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. அடுத்த ஆண்டுக்கான திட்டம் ஆண்டு முடியுமுன் நிறைவேற வேண்டும், வேலை ஓகஸ்ட், செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். நடப்பாண்டில் பணம் இல்லை என்று பதில் வந்த தீர்மானங்களை அந்த நேரத்தில் பட்டியலாக்கி, இலக்கங்களோடு, நிதிக் குழுவுக்கு எழுதுங்கள். டிசம்பர் அமர்வில் கேட்டால் தொகைகள் முடிவாகியிருக்கும்.

வருமானப் பக்கத்தையும் வாசியுங்கள். ஆதன வரி, சந்தைக் குத்தகை, உரிமக் கட்டணம் ஆகியவற்றின் நிலுவை எவ்வளவு என்று கேளுங்கள். சந்தைக் குத்தகை நிலுவையாக நிற்கும்போது வீதிக்குப் பணம் இல்லை என்றால், அதையும் ஒரு பிரேரணையாகக் கொண்டுவரலாம்.

வரவுசெலவுத் திட்ட வாக்கெடுப்பு மற்ற வாக்கெடுப்பு போன்றதல்ல. அது திரும்பத் திரும்பத் தோற்றால் தலைமைப் பதவியே போகலாம். யாழ்ப்பாணம் மாநகர சபையில் 2020 டிசம்பரில் அப்படித்தான் முதல்வர் பதவி கைமாறியது. எதிர்த்து வாக்களிக்கும் முன், உங்கள் வட்டார வேலைகள் எந்தப் பக்கத்தில் உள்ளன என்று பார்த்து, திருத்தங்களை எழுத்தில் கொடுத்து, அவை ஏற்கப்படுகின்றனவா என்று பாருங்கள்.

12. உறுப்பினர் அல்லாதவர்கள் செய்யக்கூடியது

சனசமூக நிலையமோ மாதர் சங்கமோ கோரிக்கை கொடுப்பதானால் 1 முதல் 4 வரையுள்ள படிகளை நீங்களே செய்து, பிரேரணை வாசகத்தையும் எழுதி, வட்டார உறுப்பினரிடமும் விகிதாசாரப் பட்டியலில் வந்த ஒருவரிடமும் கொடுங்கள். சங்கக் கூட்டத் தீர்மானத்தின் பிரதியையும் இணையுங்கள். ஒருவருடைய தனிப்பட்ட வேண்டுகோள் அல்ல என்பதற்கு அதுவே சான்று. அமர்வைப் பார்க்க விரும்பினால் முதல் நாளே செயலாளரிடம் சொல்லி வையுங்கள். பார்வையாளர் இருக்கையிலிருந்து பேச முடியாது, கேட்டுக் குறிப்பெடுக்கலாம்.

கூட்டறிக்கையோ மதிப்பீடோ கொடுப்பனவு விபரமோ வாய்வழியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. "வீதி பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்க வேண்டாம். தீர்மான இலக்கம், திகதி, ஆவணத்தின் பெயர் என்று குறிப்பாகக் கேளுங்கள். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால், அல்லது பதிலே வராவிட்டால், 14 நாட்களுக்குள் அதே சபையின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவல் அறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு எழுதலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். கொடுத்த அன்றே, பிரேரணைக்குச் செய்தது போல, பெற்றுக்கொண்டதற்கான எழுத்துச் சான்றை வாங்கிக்கொள்ளுங்கள். நாள் எண்ணத் தொடங்குவது அந்தத் திகதியிலிருந்துதான்.